வேர்ச்சொல்லாரின் இடது கை

எங்கள் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்தும் மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் வேர்ச்சொல்லார். எந்த மொழிச் சொல்லானாலும் அதன் வேர் தமிழில்தான் என்று அடித்துவிடுவார். அகராதியைப் புரட்டும் கெட்ட பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது.

அச்சகத்துக்கு எதிரே ஒரு டாட்டூ கடை வந்தது. பலகையைப் படித்தவர் துள்ளிக் குதித்தார்.

"தட்டு, டாட்டு, டாட்டூ! ஊசியால தட்டித்தானே குத்துறான்? இதுக்கு மேல என்னய்யா சான்று?"

"அவ்வளவு உறுதின்னா கையில எழுதிட்டு வாங்க," என்றார் எங்கள் அச்சு மெஷின்காரர். வாய்ச்சவடால் வம்பில் மாட்டியது. வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

கடைக்காரப் பெண் கையுறை மாட்டிக்கொண்டே பொறுமையாகச் சொன்னாள். "சார், அது பசிபிக் தீவுக்காரங்க வார்த்தை. அவங்க 'டடாவ்'னு சொல்வாங்க. அங்க போன கப்பல்காரங்க இங்கிலீஷுக்குக் கொண்டுவந்தாங்க. அதே எழுத்துல இன்னொரு டாட்டூவும் இருக்கு. பொழுது சாஞ்சா சிப்பாய்ங்களைத் திரும்பக் கூப்பிடுற முரசு. அது டச்சுக்காரங்க சொன்னது: 'பீப்பாய்க் குழாயை மூடு'ன்னு அர்த்தம். குடிச்சது போதும், கிளம்புங்கன்னு."

"ஊசி குத்துறவ எனக்கு மொழி சொல்லித்தர்றியா?"

தமிழில் 'தட்டு', பக்கத்தில் ஒரு அம்புக்குறி, அப்புறம் ஆங்கிலத்தில் டாட்டூ என்று தாளில் எழுதி நீட்டினார். அவள் புருவம் சுருங்கியது.

"நடுவுல ரெண்டு 'டி' வரணும் சார். ஒண்ணுதான் இருக்கு."

"பிழை திருத்துறவன்கிட்டயே பிழையா? எழுதினபடி குத்து!"

அவள் கெட்டிக்காரி. தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஊசியை எடுத்தாள்.

மறுநாள் அரைக்கைச் சட்டையில் வந்து கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். மெஷின்காரர் கடைப்பலகையின் ஆங்கில எழுத்துகளை நோக்கி விரல் நீட்டினார். வேர்ச்சொல்லார் பலகையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், முகம் பேயறைந்தது போலாயிற்று.

வீட்டில் மனைவி அதைவிட நன்றாகவே கொடுத்தாராம். அந்த அம்மாவே பிறகு எங்களிடம் சொல்லிச் சிரித்தார்: "பச்சை குத்துறதுன்னு நம்மகிட்டயே ஒரு வார்த்தை சும்மா கிடக்கு. அதை விட்டுட்டு ஊரான் பிள்ளைக்கு அப்பன் பேரு தேடிட்டு அலையுறாரு!"

ஒரு வாரம் முழுக்கைச் சட்டை. பிறகு கூனிக் குறுகி எதிர்க்கடைக்கே போனார். விட்டுப்போன எழுத்தை நுழைக்க இடமில்லை. அச்சுத்தாளில் விட்டுப்போன எழுத்தைச் சேர்க்க நாங்கள் போடுவது போலவே கீழே ஒரு கூரைக்குறி போட்டு, மேலே குட்டியாய் ஒரு 'டி' குத்தி அனுப்பினாள் அந்தப் பெண்.

வெட்கப்படுவார் என்றுதானே நினைப்பீர்கள்? இப்போது புதிதாய் யார் வந்தாலும் சட்டையைச் சுருட்டிவிடுகிறார். தன் தொழிலின் அடையாளமாக வேண்டுமென்றே அந்தக் குறியை வைத்தாராம். கேட்பவர்களும் நம்பித் தலையாட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.