ஓடையைத் தின்றது யார்?

சும்மா யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் சுபாவம் அப்படி. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீ மட்டுமில்லை, பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கொடுத்தது ஒரு தன்னார்வ அமைப்பு. மலையிலிருந்து ஏரிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையைச் சரிசெய்யப் போகிறார்களாம். தூர் வாரி, கல்லால் சின்னச் சின்னத் தடுப்பணை கட்டுவார்கள். அதற்குப் பிறகு ஊர்க் குழுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கரையிலும் நிலம் உள்ளவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் வேலை ஆரம்பம்.

நிலம் நம்முடையது, பேப்பர் அவர்களுடையது. சந்தேகம் வருமா, வராதா?

போன தடவை ஒரு கூட்டம் வந்து மரக்கன்று நட்டது. போட்டோ எடுத்தது. போனது. கன்றை ஆடு தின்றது. பேனர் மட்டும் இன்னும் ஒரு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாக இருக்கிறது.

அமைப்பின் சார்பில் பேசிய நித்யா என்ற பெண்ணிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். பட்டா என்ன ஆகும்? பாதியில் விட்டுவிட்டுப் போனால் யார் பொறுப்பு? அந்தப் பெண் சலிக்காமல் பதில் சொன்னாள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து பழனியம்மா எழுந்தாள். ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர் தக்காளி வைத்திருப்பவள். ஏரி நிரம்பினால்தான் அவள் கிணறு ஊறும். போன வருஷம் கடைசி இரண்டு தடவை பாய்ச்சத் தண்ணீர் இல்லாமல், பூவோடு செடி காய்ந்துபோனது.

"இந்த மழைக்கும் ஏரி ரொம்பலன்னா நான் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குத்தாங்க போவணும். பெரியவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டு உடுங்க" என்றாள்.

எல்லோரும் போட்டார்கள், இரண்டு பேர் தவிர. ஒன்று நான். இன்னொருவர் எனக்கு எதிர்க்கரையில் நிலம் வைத்திருக்கும் ஆரோக்கியசாமி. ஓடை விளிம்பு வரைக்கும் தக்காளி போட்டிருக்கும் மனிதர். அவர் ஏன் போடவில்லை? எனக்குப் புரிந்துவிட்டது... ஓடையைத் தின்றவருக்குப் பயம் இருக்காதா?

எழுந்தேன். "மொதல்ல ஓடையை அளக்கணுங்க. யாரு எவ்ளோ உள்ள வந்திருக்காங்கன்னு தெரியட்டும்." சொல்லும்போது ஆரோக்கியசாமியைத்தான் பார்த்தேன். அவர், "அளக்கட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை சர்வேயர் வந்தார். முதலில் ஆரோக்கியசாமி பக்கம். எல்லைக்கல் ஓடை விளிம்பிலேயே நின்றது. கரை அரித்து, கல்லின் அடிப்பாகம் வெளியே தெரிந்தது. தக்காளி கல்லைத் தாண்டவில்லை. அடுத்து என் பக்கம். வரப்பில் கல்லே இல்லை. சர்வேயர் வரைபடத்தைப் பார்த்தார், டேப்பை இழுத்தார், என் தென்னை வரிசையைத் தாண்டி வயலுக்குள் நடந்து வந்து நின்றார்.

"இங்க தோண்டுங்க."

கடப்பாரை இரண்டாவது குத்தில் கல்லில் மோதியது.

எப்படி? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. வருஷா வருஷம் வரப்பு வெட்டுவோம் இல்லையா? வயல் பக்கம் புல்லோடு செதுக்கி, அந்த மண்ணை எடுத்து ஓடைப் பக்கம் அப்புவோம். வரப்பு சுத்தமாக இருக்கும், பார்க்கிறவர்களும் மெச்சுவார்கள். அப்பா அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் வரப்பு அரைச் சாண் ஓடைக்குள் போயிருக்கிறது. அப்படிக் கிடைத்த இடத்தில் ஏழு தென்னையும் நட்டிருக்கிறேன். காய்ப்புக்கு வந்த மரங்கள்.

மறுபடி அளக்கச் சொன்னேன். டேப்பில் சந்தேகம். இரண்டாவது தடவை எனக்கு இன்னும் நாலு விரல் குறைந்தது. வெட்கமாக இருந்தது.

"தண்ணி பூரா என் கரையிலதாங்க மோதுது" என்றார் ஆரோக்கியசாமி. "அகலப்படுத்தறேன்னு மறுக்காவும் என் பக்கமே வெட்டிருவாங்கன்னுதான் கையெழுத்துப் போடல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பேப்பர்ல எல்லாம் எழுதறவரு... சொன்னா நம்புவீங்களாங்க?"

நம்பியிருக்க மாட்டேன். அவர் மேலேயே ஒரு பத்தி எழுதியிருப்பேன்.

பழனியம்மா தென்னைகளை அண்ணாந்து பார்த்தாள். "இதுங்க போனா தண்ணி ஏரிக்கு வந்துருங்களாண்ணா?"

"வரும்மா."

"காய்க்கிற மரமாச்சே" என்றாள். தன் தக்காளியை விட்டுவிட்டு என் மரத்துக்கு வருத்தப்பட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. நித்யாவிடம் பேப்பரை வாங்கினேன். இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சுபாவம் எங்கே போகும்? ஆரோக்கியசாமி படிக்காமலே போட்டார்.

அங்கேயே குழுவும் போட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் வரப்பு வெட்டு முடிந்ததும் ஓடையின் அகலத்தை அளக்க ஓர் ஆள் வேண்டும். "யாரையும் நம்பாத ஆளு இவருதாங்க, இவரையே போடுங்க" என்றார் ஆரோக்கியசாமி. ஊரே சிரித்தது.

ஒப்புக்கொண்டேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. என் வரப்பை மட்டும் பழனியம்மா அளக்க வேண்டும்.

அந்த வரப்பை வெட்டுகிற ஆளை நான் நம்ப மாட்டேன்.