நானூற்றுப் பதினேழுக்கு ஒன்று

மேற்குப் பிலடெல்பியாவில் பள்ளிப் பிள்ளைகளைச் சாலையைக் கடக்க வைக்கும் வேலை ஏர்லீன் பாஸ்கம்புக்கு. அதிபர் தேர்தலுக்கு மறுநாள் காலை, ‘நில்’ பலகையோடு தன் முனைக்கு வந்தவள், வாக்குச்சாவடியாக இருந்த தேவாலயத்தின் கதவில் ஒட்டியிருந்த முடிவுத் தாளைப் பார்த்தாள். ஜனநாயகக் கட்சிக்கு நானூற்றுப் பதினேழு. குடியரசுக் கட்சிக்கு ஒன்று.

அந்த ஒன்று அவளுடையது.

நகரமே ஒரு பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பத்துப் பேராவது மாற்றிப் போட்டிருப்பார்கள், அவர்களோடு கரைந்துவிடலாம் என்றிருந்தாள். இரண்டு வருஷத்தில் தெருவில் மூன்று பிள்ளைகள் சுடப்பட்டார்கள். நகரத்தை ஆளும் ஜனநாயகக் கட்சியிலிருந்து எட்டிப் பார்க்க ஒரு தலைவரும் வரவில்லை. அந்த ஆத்திரத்தில் போட்ட ஓட்டு.

மகளைப் பள்ளிக்குக் கூட்டிவந்த அதே தெருக்காரி டெல்பீன் தாளைப் பார்த்துக் கொதித்தாள். “யாரு அக்கா அந்த ஒத்த ஆளு? கையில கிடைச்சான்னா, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பேன்.”

“எனக்கென்னம்மா தெரியும்? பிள்ளைய அனுப்பு, நேரமாச்சு” என்றாள் ஏர்லீன்.

அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. பிள்ளைகளே இல்லாதபோது பலகையைத் தூக்கிக் கார்களை நிறுத்தினாள். யாராவது சிரித்தால் தன்னைத்தானோ என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடையில் எல்லோரும் வில்பர்ட் கிழவரைச் சுற்றி நின்று, அந்த ஒற்றை ஓட்டு அவருடையதா என்று நச்சரித்தார்கள். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதற்கும் குறுக்கே பேசுகிறவர். “ஆமாடா, நான்தான் போட்டேன். இப்ப என்னங்குற?” என்றார் அவர்.

வரிசையில் நின்ற ஏர்லீன் ரொட்டி வாங்காமலே வெளியேறினாள். மறுநாள் காலை அவர் கதவைத் தட்டினாள்.

“அண்ணே, அந்த ஓட்டு உங்களுது இல்ல.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“என்னோடது.”

அவர் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். “நான் ஓட்டே போடலம்மா. போகப் பிடிக்கல, அவ்வளவுதான். எங்கம்மா கறுப்பருக்கு ஓட்டுரிமை கேட்டு அலபாமால அடி வாங்குனவ. மாத்திப் போட்டவன்னா திட்டிட்டு விட்ருவாங்க. போடவே இல்லன்னா காறித் துப்புவாங்க. நீ வாய மூடிக்க, ரெண்டு பேருக்கும் நல்லது.”

திங்கட்கிழமை வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். “அந்தக் கிழவனுக்கு ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்ட நிறுத்திட்டேன். பத்து வருஷமா கொண்டுபோய்க் குடுத்தேன், நன்றி கெட்ட மனுஷன்” என்றாள் அன்று காலை மகளோடு முனைக்கு வந்த டெல்பீன்.

“அவருக்குச் சோறு போடு. அந்த ஓட்டு நான் போட்டது.”

டெல்பீன் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அப்ப அவரு எதுக்கு…”

“அத அவருகிட்டக் கேளு.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பலகைக்குக் காத்திராமல் டெல்பீன் சாலையைக் கடந்தாள். கிழவருக்குச் சாப்பாடு மறுபடி போகத் தொடங்கியது. டெல்பீன் மட்டும் மூன்று வாரம் அடுத்த முனை வழியாகச் சுற்றிப் போனாள். முதல் பனி விழுந்த காலையில் மகளோடு ஏர்லீன் முன்னால் வந்து நின்றாள்.

“அடுத்த தேர்தல்லயும் இப்படித்தான் போடுவியாக்கா?”

“தெரியலடி.”

“சரி. வழுக்குது, பிள்ளையப் பாத்துக் கூட்டிப் போ.”