என்னை வெளியே அனுப்பிய ஜெயந்தி

திருநின்றவூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் துப்பாக்கி கிளப்பின் செயலாளர் போனில் பேசி அனுப்பியிருந்தார். "நம்ம ஜெயந்தி மேடம் காலைல நெஞ்சு வலியில தவறிட்டாங்க. அடுத்த மாசம் அவங்க பேர்ல ஒரு போட்டி வைக்கலாம்னு கமிட்டில பேசிக்கினு இருக்கோம்." உடம்பு வீட்டில் கிடக்கும்போதே போட்டிக்குப் பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வந்த ரயிலையும் விட்டுவிட்டேன்.

ஜெயந்தியைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். என் மகள் வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ரேஞ்ச் ஆபீசர். நாங்கள் ஒரே இடத்தில் நின்று சுடுகிறவர்கள் இல்லை. தோட்டா நிரப்பிய பிஸ்டலோடு ஓட வேண்டும், மறைப்புக்குப் பின்னால் நின்று அட்டையையும் இரும்புத் தகட்டையும் சுட வேண்டும். சுடுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே ரேஞ்ச் ஆபீசர் கையில் டைமரோடு வருவார். அவர் 'ஸ்டாப்' என்றால் அதோடு சரி, மேல்பேச்சு கிடையாது.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அவர் போனதும் அவருடைய பிஸ்டலை விற்கச் சொன்னான் என் மகன். "ஒனக்கு எதுக்கும்மா இது? யாரச் சுடப் போற?" என்று மருமகள் முன்னால் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே லைசென்ஸ் எடுத்துப் பிஸ்டலை என் பேருக்கு மாற்றினேன். கிளப்பிலும் சேர்ந்தேன்.

முதல் போட்டிக்கு வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இரண்டாவது மறைப்புக்கு ஓடும்போது ஜல்லியில் கால் சறுக்கியது. பிஸ்டல் கீழே விழுந்தது, என் கால் அதன்மேல் பட்டுவிட்டது. "ஸ்டாப்! தொடாதீங்க!" என்று ஜெயந்தி கத்தியது காதில் விழத்தான் செய்தது. ஆனால் ஆயுதத்தில் கால் பட்டால் நம் கை சும்மா இருக்குமா? குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிஸ்டலின் வாய் என் நெற்றியில் இருந்தது. உள்ளே தோட்டா இருந்தது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, குண்டு தாங்கும் மண் கரைப் பக்கம் திருப்பினாள். வளையல் உடைந்தது. தோட்டாவைக் கழற்றிவிட்டு, "வெளிய போங்க" என்றாள்.

"தெரியாம பண்ணிட்டேன்மா."

"தெரிஞ்சி பண்ணா போலீசு. தெரியாம பண்ணா வெளிய. சாமி கும்புடணும்னா ஊட்ல கும்புடுங்க. இங்க அது சாமி இல்ல."

திருமழிசையில் லேத் பட்டறை வைத்திருக்கும் தாமு அங்கே நின்றிருந்தான். "இன்னா ஆயா, துப்பாக்கிக்கு முத்தம் குடுத்துகினு கீற?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் பேரப்பிள்ளைகளும் சிரித்தார்கள். ஜெயந்தி, தாமு இரண்டு பேர்மேலும் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

மறு வாரம் அவளை நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். "வயசுல பெரியவள எல்லார் எதிர்லயும் இப்டித்தான் பேசுவியா?" அவள் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினாள். "இதுக்கு அந்தாண்ட நீங்க எனக்கு அம்மா. இந்தாண்ட வந்தா ஷூட்டர்." சொல்லிவிட்டு ஒரு ரப்பர் பிஸ்டலை என் கையில் கொடுத்தாள். "கீழ போடுங்க." போட்டேன். கை தானாகவே குனிந்து அதை எடுக்கப் போனது. "ம்ஹூம். மறுபடியும் போடுங்க. கால வைங்க. கைய மார்ல கட்டுங்க." மழைக்காலம் முழுக்க இதே வேலை. "ஆயாவுக்கு பரதநாட்டியம் நடக்குதுபா" என்று தாமு வேறு. மனதுக்குள் நான் அவளைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் கை குனிவது நின்றது.

அந்தத் தப்பு போய் வேறு தப்பு வந்தது. ஒரு நாள் தோட்டா அடைத்த மேகசினை மாற்றி வேகமாகச் சுட்டு முடித்துவிட்டுப் பெருமையாக அவளைப் பார்த்தேன். "டைம் நல்லாத்தான் கீது. மேகசின் மாத்தச்சொல்லோ வெரல் எங்க இருந்துச்சு?" என்றாள். யோசித்தேன், தெரியவில்லை. "விசை மேல இருந்துச்சு. ஆனா தப்பு அது இல்ல. எங்க இருந்துச்சுன்னே ஒங்களுக்குத் தெரில பாருங்க, அதான் தப்பு." அன்றைக்கும் வெளியே அனுப்பினாள். ரேஞ்ச் வாசலில் உட்கார்ந்து மத்தியானச் சோற்றைத் தனியாகத் தின்றேன்.

போன வருடம் ஒரு போட்டியில், எங்கள் கிளப் கொட்டகைக்குக் கூரை போட்டுக் கொடுத்தவரின் மருமகன் தோட்டாவோடு பின்பக்கம் திரும்பிவிட்டான். கொட்டகையில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லாரையும் அந்தப் பிஸ்டல் ஒரு சுற்றுப் பார்த்தது. "ஸ்டாப். வெளிய" என்றாள் ஜெயந்தி.

"ஒரு வார்னிங் குடுங்க மேடம். மாமா வந்திருக்காரு" என்றான் அவன்.

"அந்த அம்மாவுக்கு நான் வார்னிங் குடுக்கல. ஒங்களுக்கும் இல்ல."

என்னைத்தான் கை காட்டினாள். அடுத்த மாதம் டைமர் அவள் கையில் இல்லை. மேசையில் உட்கார்ந்து பேர் பதியச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். நான் செயலாளரிடம் சண்டைக்குப் போனேன். "ஆயா, இதெல்லாம் கமிட்டி விஷயம்" என்றார். ஜெயந்தி மேல்தான் எனக்கு அதைவிட ஆத்திரம். "என் கிட்ட அவ்ளோ எகிறுவ, இவனுங்க கிட்ட வாய மூடிக்கினு கீறியே?" என்று கேட்டேன். அவள் அடுத்த ஆளின் பேரைக் கேட்டாள்.

போன வாரம் கிளப்பில் இரங்கல் கூட்டம். "ஜெயந்தி மேடம் யார் மனசும் நோகப் பேசமாட்டாங்க. எல்லார் கிட்டயும் அனுசரிச்சுப் போவாங்க" என்றார் செயலாளர். பிறகு நினைவுப் போட்டியைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு டைமர் பிடிக்கப் போவது யார் தெரியுமா? அந்த மருமகன்.

நான் எழுந்தேன். "பொய். அவ என் மனச நோகடிச்சா. எல்லார் எதிர்லயும் ரெண்டு வாட்டி என்ன வெளிய அனுப்பினா. அதான் இன்னிக்கி இங்க நின்னு பேசறேன்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தாமு. "ஆயா சொல்றது கரெக்டு. என்னயும் அனுப்பிச்சிது. சேஃப்டி கண்ணாடி போடாம கோட்டாண்ட போய்ட்டேன்." அப்புறம் ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, எதற்காக வெளியே போனோம் என்று சொன்னார்கள். யாரும் அழவில்லை. அந்த மருமகன் மட்டும் எழவில்லை.

"சரி, பேரு வேணாம்னா எடுத்துடலாம்" என்றார் செயலாளர்.

"பேரு இருக்கட்டும். டைமர அவன் கைலேர்ந்து எடு."

பரிசீலிக்கிறோம் என்றார். பரிசீலிக்கட்டும். அவன் கையில் டைமர் இருந்தால் நான் அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போகமாட்டேன். தாமுவும் போகமாட்டேன் என்றிருக்கிறான். அவளால் வெளியே அனுப்பப்பட்ட நீங்கள் எல்லாரும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெயந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவள்மேல் எனக்குள்ள கோபம் ஒன்றுதான். செத்துப்போனாள் என்பதற்காக அதை நான் விடமாட்டேன். விட்டால் நானும் அந்தச் செயலாளர் மாதிரி அவளைப் புகழ வேண்டியிருக்கும்.