கிரேஸ் கண்ணை மூடிப் பேசிய காலை

ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணி வளைந்து போவது, கிரேஸ் பட்டுச்சேலை விரிக்கிற அழகைப் பார்த்துப் படித்துக்கொண்டுதான். சந்தேகப்படுகிறவர்கள் ஆற்றையே கேட்டுக்கொள்ளலாம்.

வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை. அதன் இரண்டாம் மாடியில் அவளுக்கு வேலை. ஒரே ஒருத்தி எதிரே உட்கார்ந்து சேலை கேட்டால் கல்யாண வீட்டுச் சண்டையைக்கூடப் பேசித் தீர்த்து அனுப்புவாள். நாலு பேர் சேர்ந்து நின்றால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். மேற்பார்வையாளர் ஆகிவிட்டால் தினமும் கடை திறக்குமுன் மாடியில் எல்லார் முன்னாலும் பேச வேண்டும். அதற்குப் பயந்தே, தேடிவந்த பதவியை இரண்டு தடவை வேண்டாமென்றாள்.

அதே மாடியில் வேலை பார்க்கும் மஹ்மூதா பீவிக்கு நாளெல்லாம் நின்று நின்று கால் வீங்கிக்கொண்டே போனது. உட்கார முக்காலி கேட்டால், "ஒங்க மேற்பார்வையாளர் வந்து சொல்லட்டும்" என்பார் மேலாளர் ஸ்வாமிநாதன். மாடிக்கோ மேற்பார்வையாளரே கிடையாது.

"நீ வாயத் தொறக்க மாட்டுக்க. நான் இந்த மாசத்தோட வீட்டுக்குப் போறேம்ட்டி" என்றாள் பீவி.

"அப்படிச் சொல்லாதீய அக்கா" என்ற கிரேஸ், மறுநாளே பதவிக்குச் சரி என்றுவிட்டாள்.

முதல் காலை. எல்லாரும் வரிசையாக நின்றார்கள், ஓரத்தில் ஸ்வாமிநாதன். கிரேஸ் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கூட்டத்தில் அவள் சத்தமாகப் பேசிப் பழகியது குடும்ப ஜெபம் ஒன்றுதான். கை தானாகக் குவிந்தது, கண் மூடிக்கொண்டது.

"பரம பிதாவே, இந்தக் காலை வேளைக்காக ஸ்தோத்திரம்."

வரிசையில் நின்ற ஃபஹ்மிதா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள்.

"மஹ்மூதா அக்காவுக்குக் கால் வீங்கிக் கெடக்கு. முக்காலியெல்லாம் மாடிப்படிக்குக் கீழ சும்மா கெடக்கு. அதச் சொல்ல எல்லாரும் பயப்படுதாவ. எனக்கும் பயந்தான் ஆண்டவரே. ஆனாலும் சொல்லிட்டேன். ஆமென்."

சிரிப்பு நின்றிருந்தது. ஆமென் சொல்லியே பழகாதவர்களும் சொன்னார்கள். ஜெபத்தை எதிர்த்து எப்படிப் பேசுவது? ஸ்வாமிநாதன் படியிறங்கினார். கொஞ்ச நேரத்தில் முக்காலிகள் மேலே வந்தன. பீவி உட்கார்ந்தாள், கால்விரலை அசைத்துப் பார்த்தாள், அழுதாள்.

பயம் போய்விடவில்லை. இன்றும் இருக்கிறது. இப்போது கண்ணைத் திறந்துகொண்டு பேசுகிறாள், அவ்வளவுதான்.

நேற்று வீட்டு ஜெபத்திலும் கிரேஸ் கைகூப்பினாள்.

"ஆண்டவரே, ஜெப நேரத்துல என்னையப் பத்தி எழுதிட்டு இருக்க எம் மவ ரீபாவ மன்னியும். ஆறு என்னப் பாத்து வளையல, அது அவளுக்கும் தெரியும். பீவி அக்கா காலப் பத்தி எழுதும்போது மூக்க உறிஞ்சுதா, அதயும் பாத்தேன். இன்னைக்கு நானும் ஒத்தக் கண்ணத் தொறந்துதான் வச்சிருக்கேன்."