ஒளிப்புள்ளியும் இரண்டு ஊக்குகளும்

கல்யாணமான மறுநாள் மாமியார் என் தாலிச்சரட்டில் இரண்டு ஊக்குகளை மாட்டிவிட்டார். "ரயில்ல போற பொண்ணு. எவனாச்சும் மேல கைய வெச்சான்னா குத்திடு. வாயத் தொறக்காத, ஊரு நம்மளத்தான் பேசும்" என்றார். கணவருக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் வேலை, குடித்தனம் ஆரம்பாக்கத்தில். அதுவரை திருவள்ளூரிலிருந்து சென்னை ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்த நான், வடக்கேயிருந்து ரயிலேற ஆரம்பித்தேன்.

கண்ணாடிச் சில்லின்மேல் நிக்கலும் இரும்பும் கலந்த மெல்லிய படலம் படியவைப்போம். அந்தப் படலம் ஒரு திசையில் சுலபமாகக் காந்தமாகும், குறுக்கே அடம்பிடிக்கும். எவ்வளவு அடம் என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. சில்லை மெல்லிய இழையில் தொங்கவிட்டுச் சுற்றிலும் காந்தப்புலம் கொடுத்தால், படலம் திரும்பி இழையை முறுக்கும். எவ்வளவு முறுக்கு என்பதை, இழையில் ஒட்டிய சின்ன முகக்கண்ணாடியில் பட்டுச் சுவரில் விழும் ஒளிப்புள்ளி காட்டும்.

கல்யாணத்துக்கு முன் எடுத்த அளவுகள் அத்தனை ஒழுங்கு. பின்னால் எடுத்ததில் ஒன்றுகூட அவற்றோடு ஒத்துப்போகவில்லை. அதே சில்லு, அதே இழை. காற்றைச் சந்தேகப்பட்டு ஜன்னலைச் சாத்தினேன். வியர்த்ததுதான் மிச்சம்.

"முன்னாடி நெஜமாவே அளந்தியா, இல்ல வரவேண்டிய நம்பரை நீயே எழுதிட்டியா?" என்று கேட்டார் என் ஆய்வு வழிகாட்டி. "இந்த மாசத்துக்குள்ள மறுபடி அதே அளவு வரலைன்னா விட்டுடும்மா. குடும்பத்தைப் பாரு."

படிப்பு போனால் போகட்டும், பொய்க்காரி என்ற பெயரோடு போவதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் காலில் வேலிகாத்தான் முள் ஏறியது. முள்ளெடுக்க என் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அதைத் தையல் டப்பாவுக்குள் வைத்தவர், எடுக்கும்போது முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா இது, ஊக்கோட ஊசியும் ஒட்டிக்கினு வருது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படலம் படியவைக்கும்போது பக்கத்தில் பெரிய காந்தம் இருக்கும். தினமும் அதன்மேல் குனிந்து குனிந்து ஊக்குகளும் காந்தமாகிவிட்டன. பிறகு இழையைச் சரிசெய்து அளவெடுக்கக் குனியும்போதெல்லாம் அவை சில்லுக்குப் பக்கத்திலேயே தொங்கி, ஒளிப்புள்ளியை இடம்மாற்றியிருக்கின்றன.

மறுநாள் ஊக்குகளைக் கழற்றி, அறையின் மறுகோடியில் வழிகாட்டியின் மேசைமேல் வைத்துவிட்டு அளந்தேன். ஒளிப்புள்ளி பழைய இடத்துக்கே வந்து நின்றது. முன்பு அளந்த மூன்று சில்லுகளிலும் பழைய அளவுகளே வந்தன. கூடவே நின்று பார்த்த வழிகாட்டி, "இதை முன்னாடியே கழட்டியிருக்கலாமே" என்றார். மன்னிப்பு எதிர்பார்த்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன்.

பொன்னேரி தாண்டியதும் கூட்டத்தில் ஒரு கை என் இடுப்பில் பட்டது. தவறிப் பட்ட கையாக இருந்தால் விலகியிருக்கும். அது விலகவில்லை. என் விரல்கள் தாலிச்சரட்டைத் தேடின. ஊக்குகள் மேசையிலேயே இருந்தன. கத்தியிருக்கலாம். வாயைத் திறக்காமலே கும்மிடிப்பூண்டிவரை நின்றேன். அங்கே கூட்டத்தோடு அந்தக் கையும் இறங்கிப்போனது. என் அளவுகள் பொய்யில்லை என்று அன்றுதான் நிரூபித்திருந்தேன். இதை யாரிடம் போய் நிரூபிப்பேன்?

வீட்டு வாசலில் மாமியார் முதலில் பார்த்தது தாலிச்சரட்டைத்தான்.

"ஊக்கு எங்கம்மா?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.