சாய்வுத்தளத்தில் ஒரு சந்தனப் பொட்டு

காலை ஒன்பது நாற்பதுக்கு அந்த இரும்புக் குண்டு பாதி வழியில் நின்றது. என் மகள் படிக்கும் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில், பெற்றோருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் எதிர்ச் சுவரிலேயே இருந்தது.

பிளஸ் ஒன் மாணவிகள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து தொடர் இயந்திரம் செய்ய வேண்டும். ஒன்று விழுந்து அடுத்ததைத் தள்ள, அது இன்னொன்றை இழுக்க, கடைசியில் மணி அடிக்க வேண்டும். நன்றாக ஓட்டிக் காட்டும் குழு சேலத்துப் போட்டிக்குப் போகும். என் மகளின் குழு இரண்டு வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் திட்டம் போட்டது. நான் இயற்பியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தறிப்பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பொருள் இன்னொன்றைத் தொடும் இடத்தில்தான் கெடும், அங்கே கவனமாக இருங்கள் என்று தினமும் அவர்களுக்குச் சொன்னேன்.

குழுவில் ஒருத்தி, எங்கள் பட்டறையில் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் அம்மாவின் மகள். குண்டு உருண்டு இறங்கும் சாய்வுத்தளம் அவள் பொறுப்பு. பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து, என் மகளின் கோணமானியை வாங்கி வைத்து அளந்து நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் தூக்கிக்கலாமே?" என்றேன்.

"வேண்டாங்க ஆன்ட்டி, இதுவே போதுங்க. பாருங்க."

முப்பது தடவை உருட்டிக் காட்டினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் புதுத் தறியோ வண்டியோ, பொட்டு வைக்காமல் ஓட விட்டதில்லை. அன்று காலை நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் மகள் சிரித்தாள். "ஏம்மா, இது என்ன லாரியா? அப்படியே எலுமிச்சம்பழத்தையும் கீழ வெச்சு நசுக்கிருங்க."

அவள் ஷூ மாட்டப் போன நேரத்தில் வைத்துவிட்டேன். குழாயின் விளிம்பில் வைத்த பொட்டு, கார் குலுக்கலில் உள்ளே வழிந்து காய்ந்திருக்கிறது. குண்டு நின்றது அங்கேதான். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஸ்லோப் யாரு போட்டது?" என்றார் ஆசிரியை.

"நானுங்க மிஸ்."

"இவ்வளவு சாய்வு போதும்னு உனக்கு யாரு சொன்னா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

சாய்வைக் கூட்டி மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த மேசைக்குப் போனார். குழாய்க்கு அடியில் முட்டுக்கொடுக்க நோட்டு எடுத்துவர மூவரும் வகுப்புக்கு ஓடினார்கள். நான் எழுந்து போய் முந்தானையால் குழாயைத் துடைத்தேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் முறை மணி அடித்தது.

"பாத்தியா? தப்பு உன் ஸ்லோப்லதான்" என்றார் ஆசிரியை. சேலத்துக்கு இந்தக் குழுவையே தேர்ந்தெடுத்து, அவளுக்குப் பதிலாக வேறொருத்தியைச் சேர்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டே மகளைக் கூட்டிக்கொண்டு வீடு வந்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் பள்ளிக்குப் போன் செய்யவில்லை. என் கை பட்டது தெரிந்தால் குழுவையே நீக்கிவிடுவார்கள், என் மகள் போட்டிக்குப் போக முடியாது என்பது ஒன்றுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அவள் நின்றிருந்தாள். வாங்கிப்போன கோணமானியை நீட்டினாள்.

"உள்ள வா சாமி."

"இல்லீங்க ஆன்ட்டி, அம்மா தேடும்." படி இறங்கப் போனவள் திரும்பினாள். "அன்னைக்கு உங்க முந்தானையில பட்ட சந்தனம் தொவச்சதும் போயிருச்சுங்களா?"