அவர் பெயரில் எழுதிய நாங்கள்

ரிஸ்னா மிஸ் இறந்த செய்தி அவருடைய பெயரிலேயே எனக்கு வந்தது. திங்கட்கிழமை, மாத்தளையில் எங்கள் கல்லூரி நூலகத்துக் கணினியைத் திறந்தேன். விரிவுரையாளர்கள் பாடக் குறிப்புகளையும் கூட்ட முடிவுகளையும் பகிர்ந்துகொள்ளும் இணையத் தளத்தில் புதிய பதிவு ஒன்று இருந்தது. ‘ரிஸ்னா மிஸ் நேற்று மாலை நெஞ்சு வலியால் காலமானார். இன்று காலை நல்லடக்கம்.’ எழுதியவர் என்ற இடத்தில் அவருடைய பெயர். இரண்டு தடவை வாசித்தேன். பிறகு, செய்ய வந்த வேலையைச் செய்தேன். வகுப்பு அட்டவணையை ஏற்றினேன். அதுவும் அவருடைய பெயரிலேயே ஏறியது.

இது எப்படி என்று எல்லாப் பாடங்களையும் தமிழில் நடத்தும் தமிழ்ப் பிரிவில் இருந்த உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் அந்தத் தளம் வந்தபோது, அடையாள அட்டைப் பிரதி, நிரந்தர முகவரி, வசிக்கும் இடத்தைப் பொலிஸில் பதிந்ததற்கான துண்டு எல்லாம் கொடுத்து ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று அலுவலகம் கேட்டது. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டிலிருந்து அண்ணனைப் பொலிஸார் விசாரணைக்குக் கூட்டிப்போய்ப் பதினொரு நாள் கழித்து விட்டிருந்த நேரம் அது. இன்னொரு பட்டியலில் எங்கள் முகவரி ஏறுவதற்கு எனக்குப் பயம். படிவம் என் பையிலேயே கிடந்தது. விஞ்ஞானம் கற்பித்த ரிஸ்னா மிஸ் காரணம் கேட்கவில்லை. தன் பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதி நூலகக் கணினித் திரையின் பின்பக்கம் ஒட்டினார்.

“என்ட பேர்ல போடுங்க புள்ள. பேர்தானே, தேஞ்சா போகப் போகுது?”

கொஞ்ச நாளில் பிரிவில் எல்லோரும் அப்படியே செய்தோம். புவியியல், வரலாறு, இலக்கணம் எல்லாம் ரிஸ்னா மிஸ் எழுதியதாகவே வந்தன. கர்நாடக சங்கீதப் பாடமும் வந்த அன்று, வீட்டில் உம்மா பாடிக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்று எங்களைக் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

போன வருடம் மாணவர்களை வரலாற்றுப் பாடத்துக்காக, மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் உள்ள பழைய கற்கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வழியில் சோதனைச் சாவடியில், பொலிஸ் துண்டு இல்லாத தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி மதியம் வரை வெயிலில் நிறுத்தினார்கள். மறுநாள் நான் தளத்தில் எழுதினேன். பிள்ளைகள் கையில் கல்லூரி ஒரு கடிதம் கொடுத்திருந்தால் இது நடந்திராது, அந்த அக்கறை இங்கே யாருக்கும் இல்லை என்று எழுதினேன். அலுவலகம் ரிஸ்னா மிஸ்ஸை அழைத்தது. நான் வெளியே விறாந்தையில் நின்றேன். வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

“நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன். நீங்க போய் கிளாஸ எடுங்க.”

நான் போய் வகுப்பை எடுத்தேன். அன்றும் அதற்குப் பிறகும் உள்ளே போய் உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பருவத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கடிதம் கிடைத்தது. அவருக்கு வரவிருந்த பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

திங்கள் பின்னேரம் பல்லேபொலவில் அவருடைய வீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்திருந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. அவருடைய உம்மா பக்கத்தில் உட்காரச் சொல்லி, பிளேன் டீ கொடுத்தார். எந்த ஊர், என்ன பாடம் என்று விசாரித்தார். வரலாறு என்றதும் என்னை ஒரு தரம் பார்த்தார்.

“நாலந்தா விஷயம் எழுதின மிஸ் நீங்களா மகள்?”

“ஆமாங்க” என்றேன். முதல் தடவையாக.

“எனக்கு வாசிச்சுக் காட்டினா. நல்லா எழுதியிருக்காங்கன்னு சொன்னா.”

தேநீர் ஆறிவிட்டது. குடித்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பழைய படிவத்தை நிரப்பினேன். இரண்டு வருடம் பையில் கிடந்ததில் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன. முகவரியில் லயத்தின் இலக்கத்தையும் எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். என் பெயரில் தளத்துக்குள் போக முடிந்ததும், நாலந்தாப் பதிவைத் தேடி அதன் கீழ் ஒரு வரி சேர்த்தேன். ‘இதை எழுதியது ரிஸ்னா மிஸ் அல்ல, நான்.’ யாரும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்.

திரையின் பின்பக்கத்தில் இருந்த துண்டை உரித்தெடுத்தேன். பசை காய்ந்திருந்ததால் ஒரு மூலை அங்கேயே நின்றுவிட்டது. மீதி என் அடையாள அட்டை உறைக்குள், அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.